புது ஃபிளாட்டில் டிவி சுவருக்கு என்ன வயர் போடுவது? 8கே, 1 ஜிபிபிஎஸ் எல்லாம் தேவைப்படுமா?

செம்பூர்_காம்ப்:

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்குப் போய், பழையதை இடித்துப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஃபிளாட்டில் உள்சுவர் பூச்சு அடுத்த மாதம் ஆரம்பம். எங்கெங்கே எலெக்ட்ரிக் பாயின்ட் வேண்டும் என்று பிளானில் குறித்துக் கொடுங்கள் என்று பில்டரின் சூபர்வைசர் அவசரப்படுத்துகிறார். பூச்சு முடிந்துவிட்டால் அப்புறம் சுவரைத் தொட விடமாட்டார்கள். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

ஹாலில் சோஃபாவுக்கும் டிவி சுவருக்கும் நடுவில் 9 அடி. 75 இன்ச் டிவி என்பது வரைக்கும் வீட்டில் ஒருமனதாக இருக்கிறோம். அதற்கு மேல்தான் சண்டை. கடையில் 8கே மாடலைக் காட்டி, "பத்து வருஷத்துக்கு மாத்தவே வேண்டாம்" என்கிறார்கள். பையன் 8கே வாங்கினால் 1 ஜிபிபிஎஸ் கனெக்‌ஷனும் வாங்கியே ஆகவேண்டும் என்கிறான். மனைவிக்கு இப்போதிருக்கும், அதில் பத்தில் ஒரு பங்கு வேகமான 100 எம்பிபிஎஸ் இணையத்தை மாற்ற விருப்பமில்லை. எலெக்ட்ரீஷியன், இப்போதெல்லாம் எல்லாமே வைஃபைதானே, சுவருக்குள் எதற்கு வயர் என்று கேட்கிறார்.

இன்னொன்று. அப்பா சேர்த்து வைத்த ப்ளூ-ரே டிஸ்க்குகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. கூடவே வீட்டு விசேஷங்களை எடுத்த விஹெச்எஸ் கேசட்டுகள், பிற்பாடு வாங்கிய கேமராவின் மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள். புது வீட்டில் ஒவ்வொரு அலமாரிக்கும் போட்டி. எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, இதையெல்லாம் எதற்குக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஆனால் பதிலும் தெரியவில்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வீட்டில் படம் பார்ப்பது எந்தப் பக்கம் போகும், அதற்கு இப்போது சுவருக்குள் என்ன போட்டு வைக்கவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட்_ஃபைபர்:

அண்ணா, சுவர் மூடுவதற்குள் பைப் போட்டுவிடுங்கள், அது ஒன்றுதான் அவசரம். சைட்டில் இருக்கிறேன், ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

இருட்டறைக்காரி:

சார், நான் அந்தேரியில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டுடியோவில் க்யூசி பார்க்கிறேன். ஓடிடிக்குப் போகிற மாஸ்டர் ஃபைலை, அதாவது படத்தின் இறுதி மூலப் பிரதியை, இருட்டறையில் உட்கார்ந்து முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை பார்த்து, எங்கே பிக்சல் செத்திருக்கிறது, எங்கே ஒலி விட்டுப்போயிருக்கிறது, எங்கே சப்டைட்டில் முந்திக்கொள்கிறது என்று குறித்துக் கொடுக்கிற வேலை. அதனால் ஒரு படம் எங்களை விட்டுக் கிளம்பும்போது எப்படி இருந்தது என்பதும் தெரியும், டோம்பிவிலியில் என் வீட்டு டிவிக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். உங்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் 8கே. வேண்டாம். 75 இன்ச் டிவியின் அகலம் சுமார் 166 சென்டிமீட்டர். 4கே என்றால் அந்த அகலத்தில் 3840 பிக்சல்கள், அதாவது ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரணமான நல்ல கண்ணுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் தனித்தனியாகத் தெரியவேண்டுமானால் 5 அடிக்குள் உட்கார வேண்டும். 8கேயில் பிக்சல் அதிலும் பாதி அளவு, அது தெரிய இரண்டரை அடிக்குள் போகவேண்டும். உங்கள் சோஃபா 9 அடியில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 75 இன்ச்சில் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசமே கொஞ்சம்தான் தெரியும். ஜப்பானில் என்ஹெச்கே 2018 டிசம்பர் 1ஆம் தேதியே 8கே சேனல் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஆகியும் நாம் காசு கட்டிப் பார்க்கிற பெரிய ஓடிடி எதிலும் படங்கள் 8கேயில் வருவதில்லை. படம் எடுக்கிற பக்கமும் அப்படித்தான். 2000களில் டிஜிட்டல் இன்டர்மீடியட், அதாவது படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறம் சரிசெய்து முடிக்கிற முறை, வந்த பிறகு செய்த எத்தனையோ படங்கள் 4கேயின் பாதி அகலமான 2கேயில்தான் முடிக்கப்பட்டன. அவற்றை 4கே என்று போடும்போது பெரிதாக்கித்தான் போடுகிறார்கள். ஆனால் 1960களில் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த படத்தின் நெகட்டிவ் நல்ல நிலையில் கிடைத்தால், அதை இன்று 4கேயில் ஸ்கேன் செய்து அசலான நுணுக்கத்தை எடுக்க முடியும்.

சரி, பிக்சல் எண்ணிக்கை இல்லையென்றால் வேறு எது முக்கியம்? ஒவ்வொரு விநாடிக்கும் எத்தனை பிட் வந்து சேர்கிறது என்பது. விநாடிக்குப் பத்து லட்சம் பிட் என்றால் 1 எம்பிபிஎஸ். எங்கள் அறையில் ஓடுகிற புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்கிற வகை மாஸ்டர், 4கேயில் விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், சுமார் 700 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரப் படத்துக்கே 300 ஜிபிக்கு மேல் போகும். தியேட்டருக்குப் போகிற டிசிபி என்கிற டிஜிட்டல் பிரதியில் உச்சவரம்பு 250 எம்பிபிஎஸ். 4கே ப்ளூ-ரே டிஸ்க்கில் அதிகபட்சம் 128. ஓடிடியில் 4கேக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்கிற இணைய வேகமே 15 எம்பிபிஎஸ்தான். எங்களிடமிருந்து போனதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உங்கள் ஹாலுக்கு வந்து சேர்கிறது.

அத்தனையும் நஷ்டம் இல்லை. கம்ப்ரெஷன், அதாவது படத்தைச் சுருக்குவது, நிஜமாகவே கெட்டிக்காரத்தனமான வேலை. முந்தைய ஃப்ரேமில் இருந்தது அப்படியே இருந்தால் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்புகிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சிக்கு 15 எம்பிபிஎஸ் தாராளம், குறை கண்டுபிடிக்க எனக்கே சிரமம். எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் காட்சியில்தான் கஷ்டம். மழை, தூவுகிற பூ, ஓடுகிற தண்ணீர், கிரிக்கெட் மைதானத்தின் புல். சமீபத்தில் ஒரு ஷாட். கோயில் உள்பிரகாரம், ஒரே விளக்கு, ஊதுபத்திப் புகை. மாஸ்டரில் புகை இழை இழையாகப் பிரிந்து, தூணின் மேல் ஏறி, விளக்குப் பக்கம் வரும்போது மட்டும் பொன்னிறமாகி இருட்டில் கரைந்தது. கேமராமேன் அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த விளக்கை அங்கே வைத்திருக்க வேண்டும். படம் வெளியான பிறகு வீட்டில் பார்த்தேன். இழைகள் ஒட்டி ஒரே மூட்டமாகிவிட்டன. விளக்கைச் சுற்றி ஒளி படிப்படியாகக் குறைய வேண்டிய இடத்தில் வளையம் வளையமாகக் கோடு. தூணுக்குப் பின்னால் இருட்டு சதுரம் சதுரமாக நெளிந்தது. என் டிவியில் அப்போது 4கே என்றுதான் காட்டியது, கனெக்‌ஷனிலும் குறையில்லை.

பழைய ஃபிலிம் படங்களுக்கு இது இன்னும் அநியாயம். ஃபிலிமில் தெரியும் கிரெய்ன் என்கிற பொடிப்புள்ளிகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு. கம்ப்ரெஷனுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் தெரியும், அதனால் வழித்து எடுத்துவிடும். கிரெய்னோடு சேர்ந்து முகத்தின் தோலும் பட்டுப்புடவையின் நெசவும் போய்விடும். 2018இல் வந்த ஏவி1 என்கிற கோடெக்கில், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கிற முறையில், இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிரெய்னைத் தனியே அளந்து குறித்துக்கொண்டு, படத்தை மட்டும் அனுப்பி, டிவியில் அதே மாதிரி கிரெய்னை மறுபடி உண்டாக்குவது. நல்ல யோசனை. அது அசல் கிரெய்ன் இல்லை என்றாலும் மெழுகுப் பொம்மை முகத்துக்கு எவ்வளவோ மேல். அதனால் டிவி வாங்கும்போது ஏவி1 உண்டா என்று கேளுங்கள். 10 பிட் பேனலா, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூட்டிக் காட்டுகிற ஹெச்டிஆரில் நல்ல வெளிச்சம் தருமா, இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. விளக்கைச் சுற்றி வருகிற வளையக் கோடுகள் குறைவதற்கு இதுதான் பெரிய உதவி. 8கேக்குக் கொடுக்கிற காசை இங்கே கொடுங்கள்.

கோடெக்குகள் முன்னேறிக்கொண்டே இருக்கின்றன. 2003இல் ஹெச்.264, 2013இல் ஹெச்இவிசி, 2018இல் ஏவி1, 2020இல் விவிசி. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த பிட்டில் அதே தரம். மிச்சமாகும் பிட்டை ஓடிடிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். அதே பிட்டில் இன்னும் நல்ல படம் கொடுத்திருக்கலாம். பெரும்பாலும் அதே படத்தைக் குறைந்த பிட்டில் கொடுத்துச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தாலே 295 டெராபிட் ஆகிறது, அதுவும் ஒரு விநாடிக்கு. எல்லோருக்கும் 15 கொடுப்பதென்றால் 885. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பழைய படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு, அதிகக் காசு கட்டத் தயாராக இருந்தாலும், பெரிய ஓடிடிகளில் 40 எம்பிபிஎஸ்ஸில் அதே படம் கிடைக்க வழியில்லை. அது மாறவேண்டும். சோனி 2021இல் தன் பிராவியா டிவிகளில் 80 எம்பிபிஎஸ் வரை போகிற ஸ்ட்ரீமிங்கைக் கொண்டுவந்தது. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அதை வைத்து உங்கள் கனெக்‌ஷன் கணக்கையும் பார்த்துவிடலாம். 15 எம்பிபிஎஸ் என்றால் இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 17 ஜிபி. வீட்டில் மூன்று டிவியில் மூன்று பேர் 4கே பார்த்தாலும் 45 எம்பிபிஎஸ். 100 தாராளம், உங்கள் மனைவி சொல்வது சரி. சோனி கேட்கிற மாதிரி 80 எம்பிபிஎஸ் படம் பார்க்கத்தான் 115 வேகம் வேண்டும். அங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பெரும்பாலான டிவிகளில் இணைய வயர் சொருகுகிற லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். லட்சக்கணக்கில் விலை, 4கே, 120 ஹெர்ட்ஸ், பின்னால் பார்த்தால் அந்தக் காலத்து போர்ட். வாங்கும்போது அதையும் கேளுங்கள்.

டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சாம்சங் 2019இலேயே அமெரிக்காவில் புது ப்ளூ-ரே ப்ளேயர் கொண்டுவருவதை விட்டுவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் அமெரிக்காவில் தபாலில் டிவிடி அனுப்புவதை 2023 செப்டம்பர் 29ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சந்தை சுருங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் அலமாரியில் இருக்கும் சாதாரண ஃபுல் ஹெச்டி ப்ளூ-ரேயிலேயே படத்துக்கு 40 எம்பிபிஎஸ் வரை இடம் இருக்கிறது. ஒலியைப் பெரும்பாலும் அப்படியே குறையாமல் வைத்திருப்பார்கள். ஓடிடியில் அட்மாஸ் (சுற்றிலும் கேட்கிற ஒலி) என்று போட்டிருந்தாலும் வருவது 768 கேபிபிஎஸ்ஸுக்குள், அதாவது 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் குறைவாக, சுருக்கியதுதான். உரிமம் முடிந்தால் படம் ஒரு நாள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். அலமாரியில் இருப்பதை யாரும் வந்து எடுக்க முடியாது. நல்ல ப்ளேயர் ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள், டிவிக்குக் கீழே அதற்கு ஒரு பாயின்ட்டும் குறித்துவிடுங்கள்.

தாராவி_90அடி:

அக்கா எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஊதுபத்திப் புகைக்காக ஒருத்தர் இவ்வளவு கவலைப்படுகிறார் என்பதே சந்தோஷம். ஆனால் 75 இன்ச் டிவி இருக்கிற ஹாலை வைத்து மட்டும் எதிர்காலத்தைப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு தாராவி 90 அடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை. என் கடைக்கு வருகிறவர்களுக்கு வீட்டு டிவி என்பது கையில் இருக்கிற 6 இன்ச் ஃபோன்தான். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர், ஆளுக்கொரு ஃபோன், தினம் ஒன்றரை ஜிபி டேட்டா. 4கேயில் ஒரு மணி நேரத்துக்குப் போவது 7 ஜிபி பக்கம். இவர்களுக்கு அது நான்கைந்து நாள் டேட்டா. சாயங்காலமே டேட்டா தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் வாட்ஸ்அப் போட்டோகூடத் திறக்காது. பிள்ளைகள் பாடம் பார்ப்பதும் அதிலேதான்.

2020 மார்ச் மாதக் கடைசி ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கில் நெட்வொர்க் தாங்காது என்று ஓடிடிகள் எல்லாம் சேர்ந்து மொபைல் டேட்டாவில் 480பிக்கு (ஹெச்டிக்கும் கீழான தரம்) மேல் கொடுப்பதில்லை என்று நிறுத்தின, ஏப்ரல் 14 வரைக்கும். என் கடைப் பக்கம் ஒருத்தர்கூட வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. அவர்கள் அன்றைக்கும் அதைவிடக் குறைவாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் மிச்சமாகும் பிட்டைப் படத்துக்கே கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லும்போது, அது எங்கள் பக்கம் வந்து சேரட்டும் என்றுதான் நான் சொல்வேன். நெட்ஃப்ளிக்ஸ் ஏவி1ஐ முதலில் கொண்டுவந்ததே 2020 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு ஃபோனுக்குத்தான். ஆனால் விலை குறைந்த ஃபோன்களின் சிப்பில் ஏவி1க்குத் தனிப் பாகம் இருக்காது. சாஃப்ட்வேரிலேயே பிரித்துக் காட்ட வேண்டும், ஃபோன் சுடும், பேட்டரி வடியும். உப்பிப்போன பேட்டரியோடு என் கடைக்கு வருகிறவர்களில் நிறைய பேர் விடிய விடியச் சார்ஜில் போட்டுக்கொண்டே படம் பார்க்கிறவர்கள். ஒன்பதாயிரம் ரூபாய் ஃபோனில் ஏவி1 சிப் வருகிற நாள், தாராவிக்கு 8கேயைவிடப் பெரிய நாள்.

இருட்டறைக்காரி:

தாராவி அண்ணா, நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். குறைந்த பிட்டில் படம் நன்றாகத் தெரிவது சின்னத் திரைக்காரர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேரவேண்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இருட்டுக் காட்சி சதுரம் சதுரமாக உடைவது ஃபோனில்தான் இன்னும் மோசம். 480பியிலும் பிட்டை எங்கே செலவழிப்பது என்று ஒருத்தர் அக்கறையாக உட்கார்ந்து பார்த்தால் படம் பிழைக்கும். நெட்ஃப்ளிக்ஸ் 2015இலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகவும், 2018இலிருந்து ஷாட் ஷாட்டாகவும் பிட்டைப் பிரித்துக் கொடுக்கிறது. நம்மூர் ஓடிடிகள் எல்லாமே அந்த உழைப்பைப் போடவேண்டும் என்பதுதான் என் ஆசை.

முலுண்ட்_ஃபைபர்:

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அண்ணா, நான் கட்டடங்களுக்கு ஃபைபர் இழுத்து ஸ்பிளைஸ் போடுகிறவன், அதாவது இழைகளை ஒட்டுகிறவன். டிவியைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்கிற முறை, ஒரே லைனைப் பல வீடு பகிர்ந்துகொள்வது. ஒரு லைனில் கீழே வருவது (டவுன்லோட்) 2.5 ஜிபிபிஎஸ், மேலே போவது (அப்லோட்) 1.25. அதை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறோம். மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் மாதிரி, எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய குழாய் கொடுக்க முடிகிறது. நீங்கள் 1 ஜிபிபிஎஸ் வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்படி வரும் என்பது உங்கள் ஸ்பிளிட்டரில் எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வருங்காலத்துக்குக் கவலை வேண்டாம். அதே கண்ணாடி இழையில் இரண்டு முனையிலும் பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வந்துவிடும், 10 ஜிபிபிஎஸ், மேலும் கீழும். இழையை மாற்ற வேண்டியதே இல்லை. அதனால்தான் கட்டடத்துக்குள் வருகிற இழை நல்லதாக, ஒழுங்காகப் போட்டதாக இருக்கவேண்டும் என்கிறேன்.

படம் நிற்பதற்குக் காரணம் கடலடி கேபிள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா பக்கம் கேபிள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தள்ளாடியது உண்மை. இன்றைக்குப் பிரபலமான படங்கள் இங்கேயே இருக்கின்றன. நெட்ஃப்ளிக்ஸும் கூகுளும் தங்கள் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் அறையிலேயே வைத்திருக்கிறார்கள். வெர்சோவாவில் கடலை விட்டு ஏறுகிற கேபிள் வரைக்கும் உங்கள் படம் போகவேண்டியதே இல்லை. நான் புகாருக்குப் போகிற வீடுகளில் முக்கால்வாசி இடத்தில் ஃபைபரில் குறையே இருப்பதில்லை. இழையில் வரும் ஒளியை அளக்கிற பவர் மீட்டரை வைத்தால் மைனஸ் 20 டிபிஎம் பக்கம், அதாவது போதுமான அளவு, சுத்தமாக வெளிச்சம் வருகிறது. ரவுட்டர் எங்கே என்று பார்த்தால் வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே. டிவிக்கு நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர், ஒரு ஃபிரிட்ஜ்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கான்கிரீட்டைத் தாண்டத் திணறும். 2.4 தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், 1, 6, 11. உங்கள் டவரில் மேல், கீழ், பக்கம் எல்லாமாக எத்தனை ரவுட்டர் இருக்கும், யோசித்துப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன் வைஃபை போதும் என்றால் அவர் வேலையைச் சுருக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். அசையாத சாமான் எல்லாவற்றுக்கும் வயர், அசைகிற சாமானுக்கு வைஃபை. என் கணக்கு இவ்வளவுதான்.

பிளானில் இப்படிக் குறியுங்கள். கட்டடத்தின் குழாய்களும் கேபிள்களும் போகிற ஷாஃப்ட்டிலிருந்து ஃபைபர் வீட்டுக்குள் வருகிற இடத்திலிருந்து ஹாலின் நடுப்பக்கம் உயரமான ஓர் இடத்துக்கு 25 எம்எம் பைப். ரவுட்டர் அங்கேதான் இருக்கவேண்டும், பக்கத்திலேயே இரண்டு பிளக் பாயின்ட். அங்கிருந்து டிவி சுவருக்கு ஒரு பைப், அதில் இரண்டு கேட் 6 (நெட்வொர்க்) வயர். பையன் அறைக்கு ஒன்று. டிவி சுவருக்கு இன்னொரு பைப் காலியாக, உள்ளே நைலான் கயிறு மட்டும் விட்டு. பத்து வருஷம் கழித்து என்ன வயர் வேண்டுமோ அதைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். மூலையில் செங்குத்தாக எல்போ போட விடாதீர்கள், அகலமாக வளைத்துப் போடச் சொல்லுங்கள், ஃபைபர் மடங்கினால் வெளிச்சம் கசியும். கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்கக் கூடாது. பூசுவதற்கு முன்னால் நீங்களே நின்று கயிறு ஓடுகிறதா என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். அளவு டேப்பை வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

இன்னொரு விஷயம் ஃபிளாட்டுக்கு வெளியே. சில பில்டர்கள் ஒரே கம்பெனியோடு பேசி, ஷாஃப்ட்டில் வேறு யாரையும் விடுவதில்லை. அப்புறம் அந்த ஒருத்தர் வைத்ததுதான் விலை. சொசைட்டி மீட்டிங்கில் இப்போதே எழுத்தில் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதியை மதிப்பிட்டு நட்சத்திரம் கொடுக்கிற விதிமுறையைக் கொண்டுவந்திருக்கிறது. பில்டரிடம் அதைச் சொல்லிப் பேசினால் காது கொடுப்பார்கள். பக்கத்து பில்டிங் மொட்டை மாடியிலிருந்து தொங்கவிட்டு இழுக்கிற லைனை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜூலை மழையில் அந்த மாதிரி லைனைத்தான் நாங்கள் ராத்திரியெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

செம்பூர்_காம்ப்:

எல்லோருக்கும் நன்றி. பைப், கேட் 6, காலிப் பைப், எல்லாவற்றையும் பிளானில் குறித்துவிட்டேன். 8கே இல்லை என்று வீட்டிலும் சொல்லியாயிற்று. டிஸ்க் அலமாரியும் வருகிறது.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. தையில் அப்பா, அம்மாவுக்குச் சதாபிஷேகம். பையன் ஃபோனில் முழுக்க 4கே 60இல் (விநாடிக்கு 60 ஃப்ரேம்) எடுத்து க்ளவுடில் ஏற்றி, சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பப் போகிறானாம். அதற்கு 100 எம்பிபிஎஸ் தாங்குமா? அப்புறம் கேசட்டுகள். செம்பூரில் ஒரு கடையில் எல்லாவற்றையும் "4கேயில் மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

முலுண்ட்_ஃபைபர்:

அண்ணா, பிளானில் அப்லோட் வேகம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். ஐஃபோனில் 4கே 60 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி, மூன்று மணி நேரத்துக்கு 72 ஜிபி. அப்லோடும் 100 இருந்தால் ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் ஏறிவிடும். 20தான் என்றால் 8 மணி நேரம். எங்கள் லைனில் மேலேயும் கீழேயும் ஒரே வேகம் கொடுக்கிறவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. கரண்ட் போனாலும் நடுவில் நிற்காமல் இருக்க ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்துவிடுங்கள்.

இருட்டறைக்காரி:

சார், அந்தக் கடையில் கொடுக்காதீர்கள். விஹெச்எஸ்ஸில் இருப்பது ஃபுல் ஹெச்டிக்கே பக்கத்தில் வராது. அதை 4கே ஆக்குகிறேன் என்றால் சாஃப்ட்வேர் தானாகக் கற்பனை செய்து முகத்தை வழவழப்பாக்கும். உங்கள் பாட்டியின் முகம் பாட்டியின் முகமாகவே இருக்கட்டும். 720க்கு 576 என்கிற அசல் அளவிலேயே, இன்டர்லேஸை (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிகிற பழைய டிவி முறை) எடுக்காமல், குறைவாகச் சுருக்கிய ஃபைலாகக் கேளுங்கள். பெரிதாக்குவதை எப்போது வேண்டுமானாலும் டிவியே செய்துகொள்ளும், வருஷம் போகப் போக இன்னும் நன்றாகவே செய்யும். அசலைக் கெடுத்து வைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

மினிடிவி வேறு சங்கதி. அது டிஜிட்டல். படத்துக்கு மட்டும் 25 எம்பிபிஎஸ், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. இன்றைய 4கே ஓடிடியைவிட அதிக பிட். அப்பாவின் கேமரா ஓடுகிற நிலையில் இருந்தால் ஃபயர்வயர் என்கிற பழைய வகைக் கேபிளில் கம்ப்யூட்டருக்கு ஒரு பிட்கூடக் குறையாமல் அப்படியே நகலெடுக்கலாம். ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது இருக்கும், விசாரியுங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் வையுங்கள்.

முதலில் விஹெச்எஸ்ஸை எடுங்கள். அந்தக் கேசட்டை ஓட்டுகிற டெக்குகளைச் செய்த கடைசிக் கம்பெனி, ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக் குறைந்துகொண்டே வருகிறது. கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மும்பை ஈரத்தில் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரிப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி இருப்பதைத் தனியாக எடுத்து, ஜிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அதை டெக்கில் போட்டு ஓட்டவே கூடாது, டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும். டேப்பைச் சுத்தம் செய்கிற ஆள் அந்தேரியில் எங்கள் ஸ்டுடியோ பக்கம் ஒருத்தர் இருக்கிறார், வேண்டுமானால் தனியாக மெசேஜ் செய்யுங்கள்.